உப்பளத்தில் நான் கண்டுபிடித்த பொதுப்பாதை

“காலை 6.40. வாடைக்காற்று. வெயில் இன்னும் ஏறவில்லை. வருகை: ஒருவர் (நான்).”

என் நாட்குறிப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு எதிரே உள்ள பதிவு இது. அன்று நான் நடத்திய ‘பாதை மீட்பு நடை’யின் முழு வருகைப் பதிவேடும் இதுதான். வாட்ஸப்பில் நாற்பத்திரண்டு பேரை அழைத்திருந்தேன். பதினொரு பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள். கட்டைவிரலுக்குக் கால் கிடையாது என்பது அன்றுதான் தெரிந்தது.

நான் தூத்துக்குடி துறைமுகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி இறந்து, மகன் தோஹாவுக்குப் போனபின், முத்தையாபுரம் வீட்டில் நானும் புத்தகங்களும் தேதி போட்ட நோட்டுகளும்தான். எதையும் எழுதி வைத்துவிடுவேன், குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பது உட்பட. (சிரிக்காதீர்கள். வேறு சத்தம் இல்லாத வீட்டில் அதுவும் ஒரு செய்திதான்.)

எங்கள் பகுதிக்குக் கிழக்கே உப்பளங்கள். அவற்றைத் தாண்டினால் கடற்கரை ஊர். அங்கிருந்து அளங்களின் ஊடே ஒரு நடைபாதை வருகிறது. கிராம வரைபடத்தில் அது புள்ளிக்கோடு. மீன் விற்கும் செல்வராணி அந்தப் பாதையில்தான் தினமும் கூடையோடு வருவார். என் வாசலில் நான்கு நிமிடம் நிற்பார். சாளை மீனில் தொடங்கும் பேச்சு அவர் மாமியாரின் முழங்கால் வலிவரை போய்த் திரும்பும். பெரும்பாலான நாட்களில் நான் இன்னொரு மனிதரோடு பேசுவது அந்த நான்கு நிமிடம் மட்டும்தான்.

அளத்துக்காரர் ஒருவர் பாதையின் குறுக்கே இரும்புக் கேட் போட்டுப் பூட்டினார். செல்வராணி தார்ச்சாலையைச் சுற்றி வர நேர்ந்தது. எங்கள் தெரு அவர் வழியில் இல்லாமல் போயிற்று. ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன்.

“ரோட்டச் சுத்தி வாரதுக்குள்ள ஐஸு கரைஞ்சு மீனு வாடிப்போவுது சார். கழுத்தும் வலிக்கி. இன்னும் ஒரு மாசம் பாப்பேன். பொறவு இறால் கம்பெனிக்கு உரிக்கப் போயிருவேன்” என்றார்.

வீட்டுக்கு வந்து மனு எழுதினேன். ‘பொதுநலன் கருதி’ என்று தொடங்கி ஏழு பக்கம். (நான்கு நிமிடத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை.) தாலுகா அலுவலகத்தில் அதைப் புரட்டியவர், பாதையில் மக்கள் நடந்ததற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். ஆகவே நடை.

கேட்டின் கல்தூணுக்கும் வேலிக்கும் நடுவே புகுந்தேன். வயிறு சற்றுப் பிந்தி வந்து சேர்ந்தது. உள்ளே இடதுபுறம் உமரிச்செடியும் உடைமரமும் மண்டிய ஒரு மேடு. வலதுபுறம், ஆகா, பாதை! துடைத்து விட்டதுபோல் சமதளம். அதன் மேல் நெருக்கமாகக் காலடித் தடங்கள், அத்தனையும் வெறுங்கால்கள். தலைமுறை தலைமுறையாக மக்கள் நடந்த தடம்! படம் எடுத்தேன். ஸ்கேல் வைத்து அளந்தேன். அகலம்தான் ஒரு கல்யாண மண்டபத்துக்கு ஆகும்போல இருந்தது. ‘முற்காலத்தில் கூட்டமாகச் சென்றிருக்கலாம்’ என்று குறித்துக்கொண்டேன்.

துறைமுகத்தில் கொடுத்த பழைய பூட்ஸோடு இறங்கினேன். எட்டாவது அடியில் வலது கால் கணுக்கால்வரை போயிற்று. அதை எடுப்பதற்காக ஊன்றிய இடது கால் முழங்கால்வரை போயிற்று.

மழைக்காலம் முடிந்ததும் உப்புப் பாத்தியின் களிமண் தரையை ஆட்கள் வரிசையாக நின்று வெறுங்காலால் மிதித்து இறுக்குவார்கள். தரை இறுகினால்தான் உப்பு வெள்ளையாக விளையும். அதுவரை செருப்புக்கால்கூட அதில் படக்கூடாது. தூத்துக்குடியிலேயே பிறந்து வளர்ந்து இத்தனை வருடம் உப்புத் தின்றவனுக்கு இது தெரிந்திருக்கவில்லை.

வேலைக்கு வந்த பெண்கள் ஐந்தாறு பேர் வரப்பில் நின்றார்கள். மூத்தவரான பேச்சியம்மா மற்றவர்களைக் கூப்பிட்டார்.

“ஏளா, இங்கன வாங்க! பூட்ஸு போட்ட ஆளு ஒண்ணு பாத்திக்குள்ள நட்டமா நிக்கி!”

“செலையா இருக்கும்க்கா. மாலையப் போட்டுருவமா?” என்றது ஒரு குரல்.

“இது பொதுப்பாதை” என்றேன், விறைப்பாக. (அந்த நிலையில் விறைப்பு ஒன்றுதான் கைவசம் இருந்தது.) “இத்தனை காலடிகளும் சாட்சி! படமும் எடுத்திருக்கிறேன்!”

“அது எங்க காலுல்லா!” பேச்சியம்மா தலையில் அடித்துக்கொண்டார். “மூணு நாளா மிதிச்சிருக்கோம். அந்தா, ஓரத்துல கெடக்கது என் வெடிச்ச குதிங்காலு. அதைப் போய் போட்டோ வேற எடுத்திருக்கீய!”

மோட்டார் சைக்கிளில் அளத்துக்காரர் வந்தார். கோபத்தில் வேட்டியை மடித்துக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார்.

“படிச்ச ஆளுதானவே நீரு? எதுக்குப் பாத்திக்குள்ள இறங்குனீரு? அந்தா உடைமரத்துக்குள்ள பாதை கெடக்குல்லா, அதுல போவ வேண்டியதுதான!”

“அண்ணாச்சி, பாதை கெடக்குன்னா சொல்லுதீய?” என்றார் பேச்சியம்மா, மெதுவாக.

“கெடக்கத்தான செய்யிது! எங்க தாத்தா காலத்துலேருந்து ஊருசனம் பூராவும்...” நாக்கைக் கடித்துக்கொண்டு வேட்டியை மறுபடி அவிழ்த்தார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏழு பக்கத்துக்குக் கிடைக்காத வாக்குமூலம்! எழுதிக்கொள்ள நோட்டைத் தேடினேன். அது எனக்கு முன்பே களிமண்ணுக்குள் போயிருந்தது.

கயிறு கட்டி இழுத்தார்கள். நான் வந்தேன், இடது பூட்ஸ் வரவில்லை. கெடுத்த பாத்தியை நானே மிதித்துச் சரிசெய்ய வேண்டும் என்பது அளத்துக்காரரின் தீர்ப்பு. இரண்டு நாள் காலையில் பெண்களோடு வரிசையில் நின்று மிதித்தேன். “சார், மெதுவா. பஸ்ஸா புடிக்கப் போறீய?” என்று பேச்சியம்மா சொல்லிக்கொண்டே வந்தார். யார் வீட்டில் என்ன குழம்பு, யார் மருமகன் சரியில்லை என்பதெல்லாம் எனக்குத் தெரிந்தது. அந்த இரண்டு நாட்களுக்கு என் நாட்குறிப்பில் நேரமே போடவில்லை. மூன்றாம் நாளும் போனேன். தரை இறுகிவிட்டது, இனி ஆள் வேண்டாம் என்றார்கள்.

மகன் வெள்ளிக்கிழமைதோறும் தோஹாவிலிருந்து வீடியோவில் வருவான். “நல்லா இருக்கீங்களா?” என்பதை விட்டுவிட்டான். “இன்னைக்குக் கணுக்காலா, முழங்காலாப்பா?” என்றுதான் இப்போது தொடங்குகிறான். மருமகளும் பின்னால் நின்று சிரிக்கிறாள்.

அடுத்த வாரம் கேட்டில் பூட்டு இல்லை. செல்வராணி மறுபடி என் வாசலில் நிற்கிறார். பூட்டைத் திருடன் கொண்டுபோனான் என்கிறார் அளத்துக்காரர். அவரேதான் சாயங்காலமாக வந்து கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போனார் என்கிறார் பேச்சியம்மா. எது உண்மை என்பதை நான் இன்னும் சரிபார்க்கவில்லை. கேட்கப் போனால் யாராவது புதுப் பூட்டு மாட்டிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.