சிஞ்ஞோரா டக்கரின் பூர்வீகம்

புத்தகம் படிப்பவளிடம் பிறருடைய இரகசியம் தங்கும். நேற்றுப் படித்த தகவல் மட்டும் தங்காது. நான் அந்த வகை.

இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரின் கால்சாப் பகுதியில், சிஞ்ஞோரா (இங்கே அம்மையார் என்று பொருள்) டக்கர் என்ற ஆங்கிலேய மூதாட்டியின் வீட்டில் எனக்கு வேலை: சமையல், துப்புரவு, துணி தோய்ப்பு. என் வதிவிட அனுமதி முடியவிருந்தது. அந்தப் பெர்மெசோவைப் புதுப்பிக்க, அவர் கையெழுத்திட்ட வேலை ஒப்பந்தம் வேண்டும். "ஞாயிறு விருந்து முடியட்டும், வைக்கிறேன்" என்றிருந்தார்.

சிசிலியை ஆண்ட நோர்மன் பிரபுக்களின் வழிவந்தது தம் குடும்பம் என்பது அவர் விருந்துதோறும் பரிமாறும் செய்தி. நானோ யாழ்ப்பாணத்தாள். 'எவடம், ஆற்றை ஆள்?' என்று ஊரையும் குடும்பத்தையும் துருவாமல் எங்களுக்குச் சோறு செமிக்காது. (அந்தக் கேள்வியின் கேட்டைப் பற்றி மேடையேறிப் பேசக்கூடியவளும் நானே.) அவர் அலமாரியில் ஆங்கிலக் குடும்பப்பெயர் அகராதி ஒன்று இருந்தது. தூசி தட்டும் சாக்கில் படித்துவிட்டேன்.

"இஞ்சரும், கையெழுத்து விழுமட்டும் அங்கை வாயைத் திறவாதையும்," என்றார் கணவர்.

"ஓமப்பா, நான் என்ன சின்னப்பிள்ளையே?"

விருந்தில் ஒருவர், "டக்கர் என்றால் என்ன பொருள்?" என்று கேட்டார். சிஞ்ஞோரா வாயெடுக்குமுன், பாஸ்தாத் தட்டோடு நின்ற நான் தொடங்கினேன் (இத்தாலிய மொழியில், பிழையின்றி): "நெய்த கம்பளியைத் தண்ணீரில் மிதித்து இறுக்குகிறவர். இங்கிலாந்தின் தென்மேற்கில் அவர் டக்கர், தென்கிழக்கில் ஃபுல்லர், வடக்கே வாக்கர். மூவருக்கும் தொழில் ஒன்றே."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"அந்தக் காலத்தில் பழைய சிறுநீர் ஊற்றித்தான் மிதிப்பார்களாம்."

முள்ளுக்கரண்டிகள் அந்தரத்தில் நின்றன. அன்று பாஸ்தாவை எவரும் மறுமுறை கேட்கவில்லை.

விருந்தினர் போனதும் சிஞ்ஞோரா ஒப்பந்தத்தைக் கேட்டார். கிழிக்கப்போகிறார் என்றே நினைத்தேன். பெட்டி கட்டும் முறைகூட மனத்தில் ஓடியது. அவர் பேனாவை எடுத்து, ஒரு வரியை நிதானமாக வெட்டிவிட்டுக் கையெழுத்திட்டார். வெட்டுப்பட்டது 'துணி தோய்ப்பு'.

"அது எங்கள் குடும்பத் தொழில்," என்றார். "வெளியாளை விடமாட்டேன்."

இன்றுவரை அந்தச் சலவை இயந்திரத்தில் நான் கைவைத்ததில்லை. எண்பது வயதில் அதன் முன்னே நாற்காலி போட்டு, சுழலும் துணியை ஒரு பிரபுவின் பெருமிதத்தோடு அவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

எங்கள் வீட்டில்தான் வினை. தோய்க்கச் சொன்னால் கணவர் எழும்பமாட்டார்.

"இஞ்சரும், நான் டக்கர் இல்லையே. பிறத்தியாற்றை தொழிலிலை கைவைக்கலாமே?"