சேவு வேனில் போடிமெட்டுக்கு

செக்போஸ்ட்டைக் கண்டால் இந்த வயதிலும் என் கை தானாகப் பையைத் தடவிப் பார்க்கும். காரணம், காராச்சேவு.

போடியில் எங்கள் தெருவுக்குத் தினமும் மூன்று மணிக்கு ஒரு சேவு வேன் வரும். தெருவில் விற்று முடித்ததும் முருகேசண்ணன் அதை மலைக்கு ஓட்டிப்போய் எஸ்டேட் ஆட்களிடம் விற்பார். அங்கே பிள்ளைகள் ஏலக்காயைக் கொடுத்துச் சேவு வாங்குவார்கள் என்று பள்ளிக்கூடத்தில் கேள்விப்பட்டேன். அப்போது மூன்றாம் வகுப்பு. எங்கள் வீட்டிலோ மூட்டை நிறைய ஏலக்காய்!

அது எங்களுடையது இல்லை என்பதுதான் சிக்கல். ஏலக்காய்க் கடைக்காரர் எடைபோட்டுக் கொடுப்பதை அம்மா கூலிக்கு ரகம் பிரித்துத் திருப்பித் தருவாள். எடை குறைந்தால் அடுத்த மூட்டை வராது, அடுப்பும் எரியாது. தெரிந்தேதான் ஒரு லீவு நாளில் இரண்டு கை அள்ளிப் பாவாடைப் பையில் திணித்தேன். (புத்தி அப்படி.)

முருகேசண்ணன் வேனை நிறுத்திவிட்டு எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். எந்த டின்னில் சேவு அதிகம் என்று பார்க்க வேனுக்குள் ஏறினேன்.

"அடியே செல்வி! எங்கடி போய்த் தொலைஞ்ச?"

அம்மா! டின்களுக்குப் பின்னால் பதுங்கினேன். கதவைச் சாத்திக்கொண்டு அண்ணன் கிளம்பிவிட்டார்.

கத்தியிருக்கலாம். கத்தினால் திருட்டு வெளியே வந்துவிடுமே என்று வாயைப் பொத்திக்கொண்டேன். உள்ளே கும்மிருட்டு. கொண்டை ஊசி வளைவுகளில் டின்கள் என்மேல் சாய்ந்தன. செத்துவிடுவேன் என்று நிஜமாகவே நம்பினேன். எத்தனையாவது வளைவோ, மத்தியானம் தின்ற சோறு முழுவதும் மூடி கழன்ற ஒரு டின்னுக்குள் போய்ச் சேர்ந்தது.

மலை உச்சியில், கேரள எல்லையான போடிமெட்டில் கதவு திறந்தது. காக்கி உடுப்பு! சேவு வாங்க வந்த செக்போஸ்ட்டுக்காரர் அதே டின்னை நோக்கிக் கையை நீட்டினார்.

"அதை எடுக்காதீங்க சார்! எங்கம்மாவப் பிடிக்காதீங்க! நான்தான் எடுத்தேன்!" என்று அலறி, வாந்தி வாடையடித்த பாவாடைப் பையைக் கவிழ்த்தேன்.

அவர் ஏலக்காயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஏப்பா முருகேசு, ஏலக்காய மேல இருந்து கீழ கடத்துறவனத்தான் பாத்திருக்கேன். கீழ இருந்து மேல கடத்துறது இந்தப் பாப்பா ஒண்ணுதான்யா!"

முருகேசண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஆத்தாடி, இவுக அம்மா என்னையல்ல வெட்டும்!" என்றவர், டின்னை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

ஏலக்காயைப் பொறுக்கிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்து, எஸ்டேட் கூலியாட்கள் போடிக்குத் திரும்பும் ஜீப்பில் ஒரு அக்கா மடியில் என்னை ஏற்றிவிட்டார்கள். அம்மா தெருமுனையில் நின்றாள், கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போயிருந்தது. அடிப்பாள் என்று கண்ணை மூடினேன். அவள் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கு மலையைவிட அதுதான் பயமாக இருந்தது. அழுது முடித்துவிட்டு அடிக்கவும் செய்தாள். பிறகு காகிதத்தைப் பிரித்து ஏலக்காயை மூட்டையில் சேர்த்தாள். (அது யார் வீட்டுப் பாயசத்தில் விழுந்ததோ, அவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.)

இன்றைக்கும் குடும்பத்தோடு மூணாறு போனால், போடிமெட்டில் அம்மா கார்க் கண்ணாடியை இறக்குவாள். "சார், எம் மகள நல்லா சோதிச்சுக்கங்க. சின்னதுலயே மேல கடத்துனவ!"

என் பிள்ளைகள் உருண்டு சிரிப்பார்கள். மலையேறத் தொடங்கியதிலிருந்து அவள் ஒரு கை என் முந்தானையைப் பிடித்தபடியே இருப்பதை அவர்கள் பார்த்ததில்லை.