ஜவுபர் காக்காவுக்கு ஒரு சொந்த வீடு

வாழ்க்கையில் ஒரு தடவையாவது சொந்த வீட்டில் ராசாவாக இருந்து பார்த்துவிடுவது என்று ஜவுபர் காக்கா முடிவெடுத்தார். முடிவெடுத்த கையோடு ஒரு பழைய பஸ்ஸை வாங்கினார்.

வீட்டுக்கும் பஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் எங்கள் மருதமுனைப் பக்கத்து ஆட்கள் இல்லை. இங்கே கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். வீடு பெண்ணின் சீதனம். சாரன் துணிக்கடை முதலாளி என்று கல்முனை முழுக்கப் பேர் எடுத்த மனுசன், மனைவி ஹாஜறாவின் வீட்டில் ஒரு ஆணி அடிக்கவும் இருபது வருசமாக உத்தரவு கேட்டுக்கொண்டிருந்தார். சுவருக்குப் பச்சை பூசலாமே என்றால், "என்ட வீட்டுக்கு என்ன கலர் எண்டு எனக்குத் தெரியும்" என்று பதில் வரும். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

பஸ்ஸுக்குள் கட்டில் போட்டார். கேஸ் அடுப்பு வைத்தார். தண்ணீர்த் தாங்கி பொருத்தினார். ஆசை தீர உள்ளே முழுக்கப் பச்சை பூசினார். மகள் ஆகிலாவுக்கும் மகன் பஸாலுக்கும் பள்ளிக்கூட விடுமுறை வந்ததும், "பொலன்னறுவைக்குப் போறம்! ராசாமார் ஆண்ட ஊர்!" என்று அறிவித்தார். ஏறுவதற்கு முன்பே வாசலில் வைத்து ஹாஜறாவுக்குச் சட்டமும் போட்டார்.

"இஞ்ச புள்ள, இது என்ட வீடு. இதுக்குள்ள என்ட சொல்லுதான்."

ஹாஜறா சண்டைக்கு வரவில்லை. அப்போதே அவர் உசாராகியிருக்க வேண்டும்.

"ஓம், உங்கட வீடுதான். எனக்கென்ன," என்று ஏறி, சன்னலோரமாகக் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

வாழைச்சேனை தாண்டியதும் மர நிழலில் பஸ் நின்றது.

"பசிக்கி ஹாஜறா. சோத்த ஆக்கன்."

"ஆரு, நானா?"

"மறுகா ஆரு?"

"இருபது வருசமா என்ட வீட்டுல இரிக்கிறீங்க. ஒரு நாளாவது குசினிக்குள்ள கால் வெச்சீங்களா?"

"மாப்பிள்ளயப் போய் ஆராவது குசினிக்குள்ள உடுவாங்களா?"

"அதத்தான் நானும் சொல்றன். இது உங்கட வீடு. வந்த ஆள் நான் அடுப்படிக்குப் போனா உங்கட மரியாத என்னத்துக்கு ஆகும்?"

ஜவுபர் காக்கா எழுந்து அரிசிப் பையை அவிழ்த்தார். சட்டம் போட்டது அவர்தானே! அரிசியைக் களைந்தார்.

பொலன்னறுவையில் நிலைமை இன்னும் மோசமானது. காலையில் ரொட்டி சுட்டார். பகலுக்கு மீன் ஆணம் காய்ச்சினார். ஹாஜறா விரலால் தொட்டு ருசி பார்த்து, வீட்டில் அவர் சொல்லும் அதே தோரணையில், "உப்புக் குறைவு. பரவால்ல," என்றாள். ஊரைச் சுற்றிப் பார்க்கவும் வழியில்லை. கதவைப் பூட்டினாலும் சன்னலால் குரங்குகள் சாப்பிட வாங்கி வைத்திருந்த பாணைத் தூக்கிக்கொண்டு ஓடின.

"வீட்டுக்காரர்தானே வீட்டப் பாக்கணும்," என்றுவிட்டு ஹாஜறா பிள்ளைகளோடு இறங்கிப் போனாள்.

திரும்பி வந்த பஸாலுக்கு மூச்சு வாங்கியது. "வாப்பா, ராசாட மாளிகை ஏழு மாடியாம்! இப்ப சுவர் மட்டும்தான் மிச்சம்!"

"எனக்கு அதுவும் மிச்சமில்ல மகன்," என்று ஜவுபர் காக்கா சட்டியைத் தேய்த்தார்.

கடைசி நாள் பின்னேரம் மற்றவர்கள் பராக்கிரம சமுத்திரக் கரையில் காற்று வாங்க, அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கண்ணீருக்கு வெங்காயம் மட்டும் காரணமில்லை. பாவம், அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவர் ராசாவாக இருந்ததே அவளுடைய வீட்டில்தான்! சுவர் என்ன நிறமாக இருந்தால் என்ன, நேரத்துக்குச் சோறு முன்னால் வந்ததே!

உடனே ஒரு திட்டம் பிறந்தது. கையைத் துடைத்துக்கொண்டு போய், பஸ் சாவியை ஹாஜறாவின் மடியில் வைத்தார்.

"இந்தா புள்ள. இதுவும் உன்ட வீடுதான். பிள்ளைகள் சாட்சி."

"உண்மையாத்தான் சொல்றீங்களா?"

"வல்லாஹி!"

"மறுகா கதை மாறப்படா."

"மாறமாட்டன்."

ஹாஜறா சாவியைக் கைப்பைக்குள் போட்டு சிப்பை இழுத்தாள். ஜவுபர் காக்கா பஸ்ஸில் ஏறி, கட்டிலில் சாய்ந்து, மாப்பிள்ளைக் குரலில் ஒரு போடு போட்டார்.

"ஹாஜறா! ஒரு தேத்தண்ணி!"

ஹாஜறா வாசற்படியில் நின்று சிரித்தாள்.

"வீடு மட்டும்தான் என்ட. இந்த வீட்டுட வழக்கம் நீங்க தொடங்கி வெச்சது, அத மாத்த எனக்கு மனசு வருகுதில்ல. எழும்புங்க, எனக்குச் சீனி கூடப் போடுங்க."