இடியப்பரின் கொடுப்புப் பல்

பொய் ஒன்றுமே கலக்காமல் ஒரு சொல்லை ஒன்பது சொல்லாக்கத் தெரிந்த மனிதர் தென்மராட்சியில் ஒருவர்தான் இருந்தார். அவரும் ஒரு பல்லால் கெட்டார்.

தாய் தகப்பன் அவருக்கு வைத்த பெயர் சம்பள நாளில் மட்டும் வெளியே வரும். மற்ற நாளெல்லாம் அவர் இடியப்பர். இடியப்பத்துக்கும் அவருக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அவர் வாயைத் திறந்தால் இடி விழுந்ததுபோல இருக்கும். அந்த இடியோடு மரியாதைக்கு ஓர் அப்பரைச் சேர்த்து ஏதோ ஒரு வக்கீல், எங்கள் பேச்சில் புறக்டர், வைத்த பெயர் அது.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முந்திய காலம். சாவகச்சேரிக் கோட்டில், அதாவது நீதிமன்றத்தில், அவர் துவிபாஷகர். சாட்சிகள் தமிழில் சொல்வதை நீதவான் துரைக்கு ஆங்கிலத்தில் சொல்லவேண்டும். துரை ஆங்கிலத்தில் சொல்வதைச் சாட்சிகளுக்குத் தமிழில் சொல்லவேண்டும். அவ்வளவுதான் வேலை. அதே கோட்டின் பின்னறையில் தீர்ந்துபோன வழக்குக் கட்டுகளைக் கறையானிடமிருந்து காப்பாற்றும் கிளாக்கர் நான்.

"உவன் எனக்கு அடிச்சவன் ஐயா" என்று ஒரு கிழவி கூண்டில் நின்று சொல்வாள். அந்த அடி விழுந்த விதம், விழுந்த இடம், விழுந்தபோது ஒரு விதவையின் நெஞ்சு பட்ட பாடு எல்லாம் ஆங்கிலத்தில் எழும்பி முகட்டில் மோதும். கிழவிக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் அவர் முழங்குவதைக் கேட்டு, தனக்கு நடந்தது இவ்வளவு பெரிய கொடுமையா என்று அப்போதுதான் விளங்கி, அழத் தொடங்குவாள். துரை சலித்துப்போய் "தள்ளுபடி" என்று ஒரு சொல் சொன்னால், அது தமிழில் ஒரு கோயில் பிரசங்கமாக வரும். சந்தையில் தேங்காய் விற்றவர்கள் இருந்த இடத்தை விட்டு எழும்பாமலே தீர்ப்பை அறிந்துகொண்டார்கள்.

ஒருநாள் கேட்டுவிட்டேன். "என்ன அண்ணை, அவள் ரண்டு சொல்லுத்தானே சொன்னவள்?"

"நான் ஒண்டும் கூட்டேல்லைத் தம்பி" என்றார். "அதுகள் சொல்லத் தெரியாமல் விட்டதைச் சொன்னனான்."

இந்த வாய்க்குள் இருந்த பற்களைப் பற்றி அவருக்கு ஒரு பெருமை இருந்தது. ஐம்பதை நெருங்கிய வயதிலும் ஒன்றுகூட ஆடவில்லை. மற்றவர்கள் உலக்கையால் உடைக்கிற ஒடியலை அவர் கடைவாயில் வைத்து நொறுக்குவார். பனங்கிழங்கைப் பிளந்து வெயிலில் காயவிட்டால் வருகிற ஒடியல், கல்லுக்கு ஒன்றுவிட்ட தம்பி. அதை அவர் கச்சான் கடலையைப்போலக் கடித்துக்கொண்டு நடப்பார்.

பெருமைக்கு அடியில் ஒரு பயமும் இருந்தது. அவருக்கு முன்பு அந்த வேலையிலிருந்தவருக்குப் பல் விழ விழ ஒவ்வொரு சொல்லோடும் ஒரு சீழ்க்கை சேர்ந்து வந்ததாம். சாட்சிகள் சிரித்தார்கள், புறக்டர்மார் சிரித்தார்கள், கடைசியில் துரையும் சிரித்தாராம். அந்த மனிதர் அடுத்த மாதமே வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குள் போய் இருந்தவர்தான். செத்தபிறகே வெளியே வந்தார். இடியப்பர் இந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்துவார்.

ஒரு மத்தியானம், எங்கள் முன்னால் நின்றே அவர் ஒடியல் கடித்தார். டக்கென்று ஒரு சத்தம். எல்லாரும் சிரித்தோம்.

"என்ன அண்ணை, ஒடியல் உடைஞ்சிட்டுதோ?"

அவர் வாயிலிருந்து ஒடியலை எடுத்துப் பார்த்தார். அது முழுதாக இருந்தது. "இல்லை" என்றார். "ஒடியல் உடையேல்லை."

கடைவாயின் கீழ்க் கொடுப்புப் பல் பிளந்திருந்தது. அன்று தொடங்கிய வலி அவரைச் சுவரோடு சாய்த்தது. ஊரில் ஒரே வைத்தியம்தான் தெரியும்: பிடுங்கி எறி. அவர் மனைவி செல்லம்மா அக்காவும் அதைத்தான் சொன்னா. இடியப்பர் கேட்கவில்லை. ஒன்று போனால் மற்றது போகும், மற்றது போனால் சீழ்க்கை வரும் என்பது அவர் கணக்கு. யாழ்ப்பாணப் பட்டினத்தில், சிங்கப்பூரில் படித்துவிட்டு வந்த ஒரு பல் டாக்குத்தர், பல்லைப் பிடுங்காமலே சுகமாக்குகிறாராம் என்று கேள்விப்பட்டு, லீவு போட்டு ரயில் ஏறினார்.

பல தடவை போய் வந்தார். கடைசியாக வந்த அன்று கோட்டு வாசலில் நின்று வாயைத் திறந்து காட்டினார். கொடுப்பில் ஒரு தங்க மூடி மின்னியது. பல்லைக் குடைந்து, வேருக்குள் கிடந்த நரம்பை மருந்து வைத்துக் கொன்று, வெளியே எடுத்து, வேரின் துவாரத்தை அடைத்து, மேலே தங்கம் போட்டிருக்கிறார்கள் என்று அவர் விளக்கினார். அந்த விளக்கத்தில் டாக்குத்தரின் ஊசி ஈட்டியாக நீண்டது; நரம்பு ஒரு நாகபாம்பாக நெளிந்து வெளியே வந்தது.

"இனி உந்தப் பல்லுக்கு உயிர் இல்லை, தம்பி. செத்த பல்லு. ஆனா வேலைக்கு வரும். எங்கடை கோட்டிலை உப்பிடிக் கனபேர் இருக்கினம்."

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் நிற்கவில்லை. செத்த பல்லுக்கு முப்பத்தோராம் நாள் அந்திரட்டிக் கிரியை செய்யவேண்டும் என்று சொல்லி, எங்கள் எல்லாருக்கும் மோதகமும் வடையும் கொண்டுவந்தார். தங்கப் பல்லாலே முதல் வடையைக் கடித்தார்.

அந்த வடைக்குப் பிறகு சில வாரங்களில் அவர் முகம் ஒரு பக்கம் கனக்கத் தொடங்கியது.

"அண்ணை, கொடுப்பு வீங்கியிருக்குது."

"உது காத்து."

"நோகுதோ?"

"விசர்க்கதை கதையாதையும் காணும். நரம்பை எடுத்த பல்லு எப்பிடி நோகும்? செத்தவன் வழக்குப் போட ஏலாது. சட்டத்திலை இடமில்லை."

ஆனால் செத்தவன் வழக்குப் போட்டிருந்தான். மூடிய வேருக்குள் எங்கேயோ கொஞ்சம் அழுக்கு மிச்சம் இருந்திருக்கிறது. அது தங்கத்துக்குக் கீழே, வெளியேற வழியில்லாமல், எலும்புக்குள் சீழாகிக்கொண்டிருந்தது. இதெல்லாம் பிறகு தெரிந்தவை. அப்போது எங்களுக்குத் தெரிந்தது, அவர் கன்னத்தில் கைவைத்தபடி நடக்கிறார் என்பதுதான். ஒருவர் கிராம்பெண்ணெய் கொண்டுவந்தார். ஒருவர் உப்பு வறுத்து ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். காவல்காரப் பொலிஸ் வேப்பிலையோடு வந்து மந்திரம் சொல்லிப் பார்வை பார்த்தான். இடியப்பர் யாரையும் தடுக்கவில்லை. அதுவே எங்களுக்குப் பயத்தைத் தந்திருக்கவேண்டும். முன்பென்றால் வேப்பிலைக்குப் பதிலாக ஒரு பிரசங்கம் கிடைத்திருக்கும்.

லீவு எடுக்க மறுத்தார். வீக்கம் தாடைக்குக் கீழே இறங்கியது. வாய் பாதிதான் திறந்தது. அந்த வாயோடு கூண்டுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

அன்றைக்கு ஒரு வேலி வழக்கு. மட்டுவில் ஊர்ப் பக்கத்துக் கிழவர் ஒருவர் சாட்சி. அவர் பாட்டன் காலத்தில் தொடங்கினார். கதியால் தடிகள் நட்ட விதம், தென்னோலைக் கிடுகு வேய்ந்த விதம், அயலவன் ஒவ்வொரு மாரிக்கும் வேலியை ஒவ்வொரு அடி தள்ளிவைத்தது, கடைசியில் வேலியில் விழுந்த பொட்டுக்குள்ளால் நுழைந்து அவனுடைய ஆடு இவருடைய பயிரைத் தின்றது வரைக்கும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். கோடு இடியப்பரைப் பார்த்தது. துரை பேனையோடு காத்திருந்தார்.

இடியப்பர் வாயைத் திறக்க முயன்றார். கழுத்து நரம்புகள் புடைத்தன. ஒரே ஒரு ஆங்கிலச் சொல்தான் வந்தது. ஆடு.

துரை, "அவ்வளவுதானா?" என்றார்.

இடியப்பர் தலையாட்டினார்.

கிழவர் கூண்டுக்குள் துள்ளினார். "எட தம்பி! நான் விடியத் தொடங்கிச் சொல்லுறன், நீ துரைக்கு ஒரு இருமல் இருமிப்போட்டு நிக்கிறாய்!"

கோடு முழுக்கச் சிரிப்பு. புறக்டர்மார் மேசையில் தட்டிச் சிரித்தார்கள். பின்னறை வாசலில் நின்ற நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் இடியப்பரின் கண்ணிலிருந்து நீர் வடிந்து வீங்கிய கன்னத்தில் இறங்குவதைக் கண்டேன். வலியா, அவமானமா என்று தெரியவில்லை. அவர் மெல்லக் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே சரிந்து கீழே இருந்துவிட்டார். தொட்டுப் பார்த்தால் உடம்பு நெருப்பாகக் கொதித்தது.

ஒரு புறக்டரின் காரில் அவரைப் பட்டினத்து ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனோம். செல்லம்மா அக்கா அவர் தலையை மடியில் வைத்திருந்தா. நாவற்குழிப் பாலத்தில் கார் குலுங்கியபோது அவர் கத்தவில்லை, கத்த முடியவில்லை. நாக்கு மேலெழும்பி வாயை அடைத்திருந்தது. மூச்சு, ஈரத் துருத்தி ஊதுவதுபோல் வந்தது. பிள்ளையார் கோயில் ஒவ்வொன்றையும் கடக்கும்போது அக்கா தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டா.

இப்போது இப்படியான சீழுக்கு ஊசிகள் வந்துவிட்டன. அப்போது கத்தி ஒன்றுதான் இருந்தது. தாடைக்குக் கீழே கிழித்துச் சீழை இறக்கினார்கள். தங்க மூடியோடு பல்லையும் எடுத்தார்கள். மூச்சு நின்றுவிடும் போலிருந்ததால் தொண்டையில் துளையிட்டு ஒரு குழாயை வைத்தார்கள். காய்ச்சல் ஏறி இறங்கி, இறங்கி ஏறி, பிழைப்பாரா என்று யாரும் சொல்லாத நாட்கள் பல. ஆசுப்பத்திரி வாசலில் கிடந்த வாங்குப் பலகையில் அக்காவோடு இருந்தபோது, அவர் முழங்கிய நாட்களில் நான் அவரை எத்தனை முறை மனதுக்குள் சபித்திருக்கிறேன் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. அந்தச் சத்தம் இனி வருமா என்பதுதான் நினைப்பு.

விஷயம் கேள்விப்பட்டுப் பல் டாக்குத்தர் வந்தார். இளம் மனிதர். கட்டிலருகே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அடைச்ச வேரிலை சிலவேளை இப்பிடி நடக்கிறதுதான் அம்மா. அதாலைதான் கொஞ்சமாவது வீங்கினால் உடனை ஓடி வாங்கோ எண்டு அவருக்குத் திருப்பித் திருப்பிச் சொன்னனான். வந்திருந்தால் பல்லோடை போயிருக்கும்."

அக்கா நிமிர்ந்து பார்த்தா. "எனக்குச் சொல்லேல்லையே."

டாக்குத்தர் போன பிறகு அவ புருஷனின் பக்கம் திரும்பினா. கோபமில்லை. களைப்புத்தான். "ஊர் உலகத்துக்கெல்லாம் ஒண்டை ஒம்பதாச் சொன்னியள். எனக்குச் சொல்லவேண்டிய ஒண்டை மட்டும் விழுங்கிப்போட்டியளே." இடியப்பர் கண்ணை மூடிக்கொண்டார். பல்லைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயத்தில் மறைத்த மனிதரிடம், அதைவிடப் பெரியதைப் பிடுங்கிவிட்டார்கள்.

உயிர் தப்பிவிட்டார் என்று தெரிந்த பிறகு ஒருநாள் நீதவான் துரையே ஆசுப்பத்திரிக்கு வந்தார். இடியப்பர் தலையணையில் சாய்ந்திருந்தார். தொண்டையில் குழாய். துரையைக் கண்டதும் இரண்டு கைகளையும் தூக்கி, நெஞ்சைத் தொட்டு, மேலே காட்டி, கோட்டுத் திசையைக் காட்டி, கொளகொளவென்று ஏதோ சொன்னார். அந்தக் கைகள் எவ்வளவோ நேரம் பேசின.

துரை அக்காவைப் பார்த்தார்.

அக்கா என்னிடம், "கும்பிடுறாராம்" என்றா.

நான் துரையிடம் ஆங்கிலத்தில், "வணக்கம் சொல்கிறார்" என்றேன்.

இடியப்பர் கட்டிலில் ஓங்கி ஒரு அடி அடித்தார். தலையை இடமும் வலமும் ஆட்டினார். என்னைப் பார்த்துக் கையை விரித்து, இன்னும், இன்னும் என்று இழுத்துக் காட்டினார்.

எனக்கு விளங்கியது. துரை இவ்வளவு தூரம் வந்தது தன் குலத்துக்கே பெருமை என்று சொல்கிறார் என்றேன். போதாது என்று கை காட்டினார். இந்த உடம்பில் உயிர் இருக்கும்வரை கோட்டை மறக்கமாட்டாராம் என்றேன். இன்னும் என்றார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் கொட்டினேன். கடைசியில் சொல் தீர்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு நான் நிறுத்தியபோதுதான், சரி என்று தலையாட்டிச் சாய்ந்தார். துரை தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பி நின்றார். அக்கா ஏன் எல்லாரும் அழுகிறோம் என்று தெரியாமல் தானும் அழுதா.

குழாயை எடுத்த பிறகும் குரல் திரும்பவில்லை. காய்ந்த ஓலை உரசுவதுபோல ஒரு சத்தம்தான் மிஞ்சியது. வாய் ஒரு விரல் அளவுக்கு மேல் திறக்காது. கோட்டுக்கு ஒரு புதுத் துவிபாஷகர் வந்தார். சொன்னதை மட்டும் சொன்னார். வழக்குகள் கெதியாக, விறுவிறென்று முடிந்தன. கிழவிகள் அழாமல் வீட்டுக்குப் போனார்கள். சும்மா கேட்க வருகிற சனம் நின்றுபோய், பின் வாங்குகள் வெறுமையாகிவிட்டன.

இடியப்பரைத் துரை வேலையிலிருந்து போகவிடவில்லை. படியெடுக்கும் வேலை கொடுத்து என் பின்னறைக்கு அனுப்பினார். அங்கே சில வருடங்கள் இருந்து எழுதினார். பத்துச் சொல்லைச் சொல்ல அவருக்குப் பெரும்பாடு; ஆனாலும் சொல்வார். அன்றைய வழக்கில் சாட்சி எதைச் சொல்லத் தெரியாமல் விட்டான் என்பதை என்னிடம் மட்டும், மூச்செடுத்து மூச்செடுத்துச் சொல்வார். யுத்தம் முடிவதற்கு முன்பே, ஒரு மாரியில், நெஞ்சில் சளி கட்டிப் போய்ச் சேர்ந்தார்.

அவர் அந்த அறைக்கு வந்த முதல் நாளே, அவர் கதைப்பது கேட்கவேண்டும் என்பதற்காக என் மேசையை அவர் மேசையோடு ஒட்டி இழுத்துப் போட்டிருந்தேன். அவர் போன பிறகும் அதை நான் தள்ளிவைக்கவில்லை.