மலைக்கு அப்பால் இருந்து வந்த சொல்

"அந்த வார்த்தைக்கு அர்த்தம் இன்னும் அகப்படலையா, மிஸ்டர் கிளெக்?" என்றாள் மிசஸ் தோர்ன்லி.

இங்கிலாந்தின் லங்காஷைரில் ஒரு சிற்றூர் நூலகரான ஆம்ப்ரோஸ் கிளெக் திகைத்தார். அர்த்தம் முதல் நாளே கிடைத்துவிட்டது. அகராதி அவர் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. சொல்லிவிட்டால் அவள் எதற்கு மறுபடி வருவாள்? யார்க்ஷைர்ப் பக்கத்திலிருந்து, மலை ஏறி இறங்கும் பேருந்தில், வியாழன்தோறும் வருகிறவள்.

"அல்ட்ராமாண்டேன்காரங்கன்னு பாதிரியார் பிரசங்கத்துல திட்டினாரே, அது எங்கேருந்து வந்துச்சு?"

"மாண்டேன்னு ஒரு பிஷப்," என்று உளறிவிட்டார் கிளெக். "மகா அதட்டல்காரர். கோபம் வந்தா தொப்பியைக் கழட்டி எறிவார்."

மிசஸ் தோர்ன்லி சிரிக்காமல் தலையாட்டினாள்.

அடுத்த வாரம் புதிய செய்தி கொண்டுவந்தாள். "எங்க மாதர் சங்கத்துல சொன்னேன். பிஷப் நினைவா ஒரு தேநீர் விருந்து வைக்கிறாங்க. நீங்கதான் பேசணும்."

"அவர் படம்கூட இல்லையே! தீயில எரிஞ்சுபோச்சு."

"பரவாயில்ல, எங்க சங்கத்து மிஸ் ஆக்ராய்ட் புதுசா வரைஞ்சுடுவாங்க. தொப்பி என்ன நிறம்?"

"ஊதா," என்றார் கிளெக் பரிதாபமாக.

அதற்கடுத்த வியாழனன்று மழையில் நனைந்து வந்தாள். ஓவியம் பாதி முடிந்துவிட்டதாம். கிளெக்கால் தாங்க முடியவில்லை.

"பிஷப்பே கிடையாதுங்க. அது லத்தீன். மலைக்கு அப்பால்னு அர்த்தம். பிரான்சுலேருந்து பார்த்தா போப் ஆல்ப்ஸ் மலைக்கு அந்தப் பக்கம். அவர் சொல்றதுதான் சட்டம்னு நின்னவங்களுக்கு அந்தப் பேரு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவள் மெதுவாகக் கையுறையை மாட்டிக்கொண்டாள். "மலைக்கு அப்பால்... அழகா இருக்கு." வாசலில் ஒரு கணம் நின்றாள். கிளெக் அகராதியை மூடி, மறுபடி திறந்தார். பேருந்து ஹாரன் அடித்தது. அவள் போய்விட்டாள்.

மேட்டில் ஏறிய பேருந்து மூடுபனிக்குள் மறையும்வரை அவர் சன்னலோரமே நின்றார். தரை பெருக்கிக்கொண்டிருந்த மிசஸ் ஹோய்ல் நிமிர்ந்தாள்.

"என்ன சார், மூஞ்சி தொங்கிப்போச்சு?"

"ஒரு லத்தீன் வார்த்தைக்கு அர்த்தம் சொல்லிட்டேன். இனி அவங்களுக்கு இங்க வேலை இல்ல."

"லத்தீனா? அந்தம்மாவுக்கு நீங்களா?" மிசஸ் ஹோய்ல் துடைப்பத்தின்மேல் சாய்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள். "எங்க அக்கா பொண்ணுங்க மூணு பேருக்கும் பள்ளிக்கூடத்துல லத்தீன் சொல்லிக்குடுத்ததே அவங்கதானே!"