காளியப்பன் சாமியின் மௌனம்

செடெனாக் ஊரில் காளியப்பன் சாமி வீட்டு வாசலில் நிற்க இடமில்லை. கொரோனா காலம். தள்ளி நில்லுங்கள் என்று அரசாங்கம் தொண்டை கிழியக் கத்தியது. பக்தர்களோ முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு முண்டியடித்தார்கள். சாமி இருக்கும் இடத்தில் கிருமிக்கு என்ன வேலை!

சாமிக்குத் தொழில் மருந்தெடுப்பது. வேண்டாதவர்கள் சோற்றில் வைத்த மருந்து வயிற்றில் ஒட்டிக்கொண்டிருக்குமாம். தொப்புளில் பித்தளைக் குழாயை வைத்து உறிஞ்சுவார். கறுப்பாக ஓர் உருண்டையைத் தட்டில் துப்புவார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

அன்று பாயில் கிடந்தவர் அய்யாவு. முந்தின நாளிலிருந்து வாந்தி, பேதி. கோவிட்டாக இருக்கும், கிளினிக் போகலாம் என்று மருமகள் பிரேமலா கெஞ்சிப் பார்த்தாள். மாமியார் ராஜம்மா மசியவில்லை.

"கோவிட்னா இருமல் வரணும்லா! இவருக்குத் தும்மல்கூட இல்ல."

சாமி கண்ணை மூடினார். "கடைசியா மீன்கறி போட்டது யாரு?"

எல்லார் கண்ணும் பிரேமலா மேல் விழுந்தது. "அலமாக்! மருமகளா?" என்றாள் ஒருத்தி.

"மருந்து வெளிய வர்ற வரைக்கும் சொட்டுத் தண்ணி குடுக்கக்கூடாது. வந்ததும், வச்சவ வீட்ல இருக்கக்கூடாது."

பிரேமலா பாயருகே குனிந்து பார்த்தாள். தன்னை விரட்டுவது இருக்கட்டும், மாமாவுக்கு உதடு வெடித்துக் கண் குழிவிழுந்துவிட்டதே! தண்ணீர் இல்லாவிட்டால் ஆள் மிஞ்சமாட்டார். அவள் வேலை செய்யும் பாக்டரியில் கொடுத்த கோவிட் எச்சில் டெஸ்ட் கிட் இரண்டு கைப்பையில் இருந்தன. ஒன்றில் அவரைக் கஷ்டப்பட்டுத் துப்ப வைத்தாள்.

அதற்குள் சாமி சூடம் காட்டி, விபூதியைத் தன் வாயில் போட்டு, மௌனமாகிவிட்டார். உறிஞ்சுவதற்கு முன் எப்போதும் மௌனம்தான். அவ்வளவு தெய்வீகம்!

கிட்டில் இரண்டு கோடு விழுந்தது.

"கோவிட்தான்! சில பேருக்கு இருமல் இல்லாம வயித்தாலதான் போகும்," என்று பிரேமலா தூக்கிக் காட்டினாள். முகக்கவசங்கள் மூக்குக்கு ஏறின. "சாமி காலையிலேர்ந்து எத்தனை பேர் வயித்துல குழாய் வச்சு உறிஞ்சாரு? அவரும் துப்பட்டும், பாத்துருவோம்."

சாமி வாயை இறுக மூடித் தலையாட்டினார்.

"துப்புங்க சாமி! எங்களையெல்லாம் தொட்டீங்களே!" பக்தி போய்ப் பயம் வந்துவிட்டது.

ராஜம்மாவே இன்னொரு கிட்டை அவர் வாயருகே நீட்டினாள். சாமி துப்பினார். விபூதி பூசிய கறுப்பு உருண்டை விழுந்தது. குழாய் இன்னும் தட்டிலேயே கிடந்தது.

"எங்க வீட்டுக்காரர் வயித்து மருந்து உங்க வாய்க்குள்ள எப்படி வந்துச்சு?" என்றாள் ராஜம்மா.

சாமி மௌனம் கலைத்தார். "தாயி, எனக்கு எத்தனை கோடு?"

உப்பும் சீனியும் கலந்த தண்ணீரை மாமாவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டி, கிளினிக்குக் கொண்டுபோகக் காரில் ஏற்றினாள் பிரேமலா. ராஜம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பின்னால் ஒரு குரல் கேட்டது: "சிகாமட்ல ஒரு சாமி இருக்காராம். வாயே திறக்க மாட்டாராம்!"

போங்கள், தாராளமாகப் போங்கள். அங்கேயாவது வயிற்றைக் காட்டுமுன் சாமியை வாயைத் திறக்கச் சொல்லுங்கள். அதற்குக் கிட்கூட வேண்டாம். கண்ணும் கொஞ்சம் மூளையும் போதும்.