பன்னிரண்டு சைக்கிள்களும் ஒரு கோடிச் சேலையும்

மதுரை, தெற்கு மாசி வீதிச் சந்து,
தாது வருஷம் தை மாதம் 28ந் தேதி, புதன்கிழமை, 10-2-1937

வாடிப்பட்டி மகா-ராச-ராச-ஸ்ரீ மாப்பிள்ளை மலையாண்டி அவர்களுக்கு, தங்கள் தமக்கை ஜெயக்கொடியின் கணவனும், பென்ஷன் பெற்ற தாலுகா கச்சேரித் தலைமைக் குமாஸ்தாவுமாகிய உக்கிரபாண்டி எழுதிக்கொண்டது.

இவ்விடத்தில் அனைவரும் சுகம். அனைவரும் என்றதில் நானும் அடக்கம் என்பதைச் சென்ற ஞாயிற்றுக்கிழமை, தை 25ந் தேதி, தாங்களே நேரில் கண்டீர்கள். கண்ட பிறகும் கோபித்துக்கொண்டு, புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டார் போடும் கோடிச் சேலையைக் கொண்டுவந்தபடியே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பச்சைத் தண்ணீர்கூட அருந்தாமல் திரும்பிவிட்டீர்கள். ஆகவே, நான் ஏன் சாகவில்லை என்பதை முறைப்படி விளக்க வேண்டியவனாகிறேன்.

இதற்கு மூலகாரணம் என் மகன் நல்லகாமன். தன்னைப் போன்ற பதினொரு பேரைச் சேர்த்துக்கொண்டு, 18-10-1936 அன்று ‘ஞாயிறு சைக்கிள் சங்கம்’ என்ற ஒன்றை அவன் தொடங்கினான். விரைவாகப் போவதற்கென்று சீமையிலிருந்து கப்பலேறி வந்த வண்டியில், நடப்பவனுக்கும் பிந்திப் போவதே இச்சங்கத்தின் நோக்கம். விடியற்காலையில் புறப்பட்டு முனிசிபல் பூங்காவில் இறங்கிப் பூவைப் பார்ப்பார்கள். நாயக்கர் மகாலுக்குப் போய்த் தூணைப் பார்ப்பார்கள். போன வாரம் இருந்த தூண் இந்த வாரமும் இருக்கிறதென்று திருப்தியடைந்து, தெப்பக்குளத்தின் நாலு கரையையும் ஊர்ந்து சுற்றிவிட்டு, அவர்களில் ஒருவனான சாயக்கடை துளசிராம் வீட்டிலிருந்து கட்டி வந்த புளியோதரையைத் தின்பார்கள். அதன் பிறகு எவனுக்கும் மிதிக்கச் சக்தி இராது. பன்னிரண்டு தடியர்கள் பன்னிரண்டு வண்டிகளைத் தள்ளிக்கொண்டு வீடு திரும்புவதை நானே பார்த்திருக்கிறேன். கேட்டால், “ஊரைப் பாக்குறோம்யா” என்கிறான். “பொறந்ததுல இருந்து இந்த ஊர்லதானடா கெடக்க?” என்றேன். “கெடந்தோம்யா, பாக்கல” என்றான்.

சங்கம் கூடுமிடம் என் வீட்டு வாசல். தை 4ந் தேதி பன்னிரண்டு மணிகளும் ஒருசேர அலறியதில் தூக்கிவாரிப்போட்டு எழுந்த நான், இனி என் வாசலில் மணியடிக்கலாகாது, பேசலாகாது, சிரிக்கலாகாது என்று கண்டிப்பாக உத்தரவிட்டேன். என் உத்தரவுகளில் இந்த ஒன்றுக்கு மட்டும் அவர்கள் கீழ்ப்படிந்ததுதான் விபரீதமாயிற்று. தை 25 அன்று கடும் பனி. சைக்கிள்களைச் சுவரோரம் சாத்தி, விளக்குகளை அணைக்காமல், தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு, வாய் திறவாமல் வரிசையாக நின்றிருக்கிறார்கள். துளசிராம் வாசற்படியருகே குந்தித் தலையைக் கவிழ்த்துக்கொண்டு டயருக்குக் காற்றடித்திருக்கிறான்; அவனுடைய ஓட்டைப் பம்பின் ஓசை, ஆண்பிள்ளை ஒருவன் அடக்கி அடக்கி விம்முவது போலவே இருக்கும். அந்நேரம் பார்த்துத் திண்டுக்கல் பஸ் கண்டக்டர் முத்திருளன் முதல் பஸ்ஸுக்காக எங்கள் சந்து வழியே போயிருக்கிறான். “என்னப்பா, பெரியவருக்கு என்ன?” என்று நின்றவர்களில் ஒருவனைக் கேட்டானாம். அந்த மடையன் உத்தரவை மதித்து, உதட்டில் விரல் வைத்துத் தலையை மட்டும் அசைத்தானாம். வேறென்ன வேண்டும்? முத்திருளன் டிக்கெட்டோடு என் மரணத்தையும் வழிநெடுகக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே வாடிப்பட்டி வந்து சேர்ந்துவிட்டான்.

நண்பகலில் நான் தயிர்ச்சோற்றில் கைவைத்த சமயம் தெருமுனையில் சாவுக் கொட்டுச் சத்தம் கேட்டது. “யாரு வீட்டுத் துட்டியோ, பாவம்” என்று ஜெயக்கொடியிடம் வருத்தம்கூடத் தெரிவித்தேன். அடுத்த கணம் தாங்கள் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு, “மச்சான், போயிட்டீகளே! பதினெட்டு வருசமா ஒங்ககிட்டப் பேசாம இருந்த பாவி, இனி யாருகிட்டப் பேசுவேன்!” என்று வாசலில் வந்து விழுந்தீர்கள். தாங்கள் பேசாமலிருந்தது நல்லகாமனின் காதுகுத்தினால். தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்காரவைத்துக் குத்துவதே முறை, நான் மறுக்கவில்லை. ஆனால் 5-6-1919 அன்று, மாடு நொண்டிற்று என்று தாங்கள் தாமதித்தபடியால், முகூர்த்தம் தவறாதிருக்கப் பிள்ளையை என் மடியில் வைத்துக்கொண்டேன். ஆகவே எச்சில் கையோடு வாசலுக்கு வந்து, “பதினெட்டு இல்ல மாப்ள. பதினேழு வருசம், எட்டு மாசம், ரெண்டு நாளு” என்று திருத்தினேன். இதில் என்ன குற்றம்? தாங்கள் துண்டை விலக்கி என்னை ஏற இறங்கப் பார்த்தீர்கள். கொட்டுக்காரன் வேறு, “அடிக்கவா, நிறுத்தவா?” என்று கேட்டான். “உசுரோட இருந்துக்கிட்டா என்னைய இம்புட்டுப் பேரு முன்னால அழவிட்டீரு? நீரு நெசமாவே செத்தாலும் இந்த வாசல்ல கால் வைக்க மாட்டேன்!” என்று போய்விட்டீர்கள்.

அன்று முதல் ஜெயக்கொடி சோறு போடுகிறாள், பேசுவதில்லை. எதைக் கேட்டாலும் சுவரைப் பார்த்து, “அழுதுக்கிட்டு வந்த என் தம்பிக்குக் கணக்குச் சொன்ன மனுசன்கிட்ட எனக்கென்ன பேச்சு?” என்கிறாள். இப்படியே போனால் நான் உயிரோடிருப்பது இவ்வீட்டில் எனக்கு மட்டுமே தெரிந்த செய்தியாகிவிடும். ஆகவே தாங்கள் மாசி மாதம் முடிவதற்குள் வந்து ஒரு வேளை உண்டு செல்ல வேண்டியது. நான் நேரில் வந்து அழைப்பது வயதுக்கும் முறைக்கும் பொருந்தாது. சங்கத்தைக் கலைக்கும்படி இன்று உத்தரவிட்டுவிட்டேன். அந்த வாகனம் இனி என் வாசலில் நிற்காது.

தங்கள் மனைவி சீனியம்மாளுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். உயிரோடிருப்பவன் கொடுக்கும் ஆசியாகையால் அவசியம் பலிக்கும்.

இப்படிக்கு,
இன்னமும் தங்கள் மச்சானாகவே இருக்கும்
உக்கிரபாண்டி

பின்குறிப்பு, வியாழக்கிழமை, 11-2-1937: மேற்படி கடிதத்தை ஜெயக்கொடிக்குப் படித்துக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதன்முறையாக என்னை நேராகப் பார்த்து, “முறையாம் முறை! போயி எந்தம்பியக் கூட்டிட்டு வாரீகளா, இல்ல அந்தக் கோடிச் சேலைய நானே கேட்டு வாங்கிக்கிறவா?” என்றாள். முத்திருளனின் பஸ்ஸில் ஏறுவதில்லையென்று சபதம் செய்திருக்கிறேன். ரயிலோ குறித்த நேரத்தில் வருவதில்லை. ஆகையால் வருகிற ஞாயிறு, 14-2-1937 அன்று சங்கத்தார் பன்னிரண்டு பேரும் வாடிப்பட்டிக்கு வருகிறார்கள். துளசிராமின் காரியரில் நான் வருகிறேன். கலைப்பு உத்தரவு நிறுத்திவைக்கப்படுகிறது. இன்று மாலை தெப்பக்குளத்தைச் சுற்றி ஒத்திகை பார்த்தோம். தண்ணீரில் வெயில் சாயும்போது அவ்வளவு மோசமில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். நல்லகாமனின் காரியர் தாய்மாமனுக்கென்று காலியாக இருக்கிறது, மெதுவாகத்தான் போவோம். தங்கள் தெருவில் பன்னிரண்டு சைக்கிள்கள் வந்து நின்றால் ஊரார் தவறாக எண்ணக்கூடும். எனவே தெருமுனையிலிருந்தே நிறுத்தாமல் மணியடிக்கும்படி உத்தரவிட்டிருக்கிறேன். தாங்களும் வாசலில் வந்து நின்று, ஊருக்கே கேட்கும்படி என்னைத் திட்டிக்கொண்டிருக்கவும்.